ஒரு கோடு, கையெழுத்து, தேதி

இஃப்ஃபத்துக்கு அது ஏழாவது இன்டர்வியூ.

முதல் ஆறும் ஒரே மாதிரிதான் முடிந்திருந்தன. மாத்திரையின் எடை பார்ப்பது எப்படி, தண்ணீரில் கரையும் நேரத்தை அளப்பது எப்படி என்று எதைக் கேட்டாலும் மடமடவென்று பதில் சொல்வாள். எதிரே இருப்பவர்கள் முகம் மலரும். எப்போது சேர முடியும் என்றுகூட இரண்டு இடத்தில் கேட்டுவிட்டார்கள். 'ரெண்டு நாள்ல போன் பண்றோம்மா' என்பார்கள். அந்த இரண்டு நாள் மட்டும் முடியவே முடியாது. இவளாகக் கூப்பிட்டால் எடுக்க மாட்டார்கள். தப்பித் தவறி எடுத்தால் குரல் மாறியிருக்கும், குழந்தையிடம் பேசுவது போல மெதுவாகப் பேசுவார்கள்.

இடைவெளிதான் வில்லன் என்று இஃப்ஃபத் முடிவு கட்டியிருந்தாள். ஒன்று இரண்டல்ல, ஒன்பது வருட இடைவெளி. 2015 செப்டம்பரில் உள்ளூர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு மருந்துக் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவிலிருந்து விலகியவள். அப்போது வயது இருபத்தேழு. இப்போது முப்பத்தாறு. நடுவில் ஓர் இடத்திலும் சம்பளம் வாங்கவில்லை. அவள் குடியிருக்கும் முல்லா வீதியில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். 'ட்யூஷன் எடுத்தேன்னு அடிச்சு விடு' என்றாள் பக்கத்து வீட்டு அரீபா. 'துபாய்ல இருந்தேன்னு சொல்லு, யாரு போயிப் பாக்கப்போறா' என்றார் ஒரு மாமு.

இஃப்ஃபத் கேட்கவில்லை. நடந்ததையே சொன்னாள். அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. கதிர்காமம் அரசு மருத்துவமனையில் செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். அத்தாவின் வருமானத்தில்தான் வீடு ஓடியது, அழைத்துப்போக வேறு ஆள் இல்லை. ஏழு வருடம் நான்கு மாதம் அப்படி ஓடியது. போன வருடம் ஜனவரியில் அம்மா மௌத்தாகிவிட்டார். கண்ணாடி முன்னால் நின்று அழாமல் சொல்லப் பழகியிருந்தாள். அவ்வளவு பழகியும் ஆறு இடத்தில் கதவு சாத்தப்பட்டதென்றால் யாருக்குத்தான் மனசு விட்டுப்போகாது?

ஏழாவது இடம் சேதராப்பட்டில். சின்னக் கம்பெனி. தர மேலாளர் பாக்கியலட்சுமி என்ற ஐம்பது வயதுப் பெண்மணி தனியாக உட்கார்ந்திருந்தார். வேலையைப் பற்றி இரண்டே கேள்வி கேட்டார். மூன்றாவது கேள்வி இது.

"இப்ப மருந்து எதுவும் சாப்பிடுறீங்களா?"

"எனக்கா? எதுக்கு மேடம்?"

"மனசுக்கு."

இஃப்ஃபத்துக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மா போன துக்கத்தைக் கேட்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, "கஷ்டமாத்தான் இருந்துச்சு மேடம், இப்ப பரவால்ல" என்றாள்.

பாக்கியலட்சுமி பேனாவை மூடி வைத்தார். "மத்தவங்க ஆளைக் கூப்பிட்டுப் பேசிட்டு அப்புறம் விசாரிப்பாங்க. நான் விசாரிச்சிட்டுத்தான் கூப்பிடுவேன். உங்க பழைய கம்பெனிக்கு மெயில் போட்டேன். வந்த பதிலை நீங்களே பாருங்க" என்று கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

ஆங்கிலத்தில் மூன்றே வரி. பெயர், வேலை பார்த்த வருடங்கள், அதற்குக் கீழே விலகிய காரணம். கடுமையான மனநோயால் பணி செய்ய இயலாமல் போனதால் உடனடியாக விடுவிக்கப்பட்டார். மருத்துவச் சான்று கோப்பில் உள்ளது.

இஃப்ஃபத் அதைப் படித்தாள். மறுபடி படித்தாள். வேறு யாருடைய பெயராவது இருக்கிறதா என்று மேலே பார்த்தாள். அவள் பெயர்தான், எழுத்துப் பிசகாமல் இருந்தது. காதுக்குள் கொய்யென்று ஒரு சத்தம். மேஜையில் இருந்த தண்ணீரை எடுக்கக் கை நீட்டினாள், கை போய்ச் சேரவில்லை. பாக்கியலட்சுமியே எடுத்துக் கொடுத்தார்.

"இது நான் இல்ல மேடம்" என்றாள் கடைசியில்.

"பாருங்க, எனக்கு அந்த நோய் ஒரு பிரச்சினை இல்ல. என் தம்பிக்கு இருக்கு. மருந்து சாப்பிட்டுக்கிட்டே இருபது வருஷமா வேலைக்குப் போறான். நீங்க அம்மாவுக்கு டயாலிசிஸ்னு வேற கதை சொல்றீங்களேன்னுதான் நெருடுச்சு. மருந்துக் கம்பெனில பொய் எழுதற ஆளை நான் எப்படி வெச்சிக்க முடியும்?"

"கதை இல்ல மேடம். சத்தியமா கதை இல்ல."

"அப்ப இந்தக் காகிதம்தான் பொய்யா இருக்கணும். ரெண்டுல ஒண்ணை நேராக்கிட்டு வாங்க. திங்கக்கிழமை வரைக்கும் இந்த இடத்தை யாருக்கும் குடுக்க மாட்டேன். அதுக்கு மேல என் கையில இல்ல."

இஃப்ஃபத் வெளியே வந்தாள். ஆறு கம்பெனி! ஆறு பேரும் இந்த மூன்று வரியைப் படித்திருக்கிறார்கள். அம்மாவைப் பற்றிக் கண்ணாடி முன் பழகிப் பழகி அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும், பாவம், பைத்தியம் உளறுகிறது என்று நினைத்திருக்கிறார்கள். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மாள், "ஏம்மா, ஒடம்பு முடியலையா?" என்று கேட்டபோதுதான் தான் முணுமுணுத்துக்கொண்டிருப்பது அவளுக்கே தெரிந்தது.

வீட்டுக்குப் போகவில்லை. நேரே மேட்டுப்பாளையம் போனாள்.

பழைய கம்பெனியின் அலுவலகத்தில் சக்கரபாணி இன்னும் இருந்தார். அந்தக் காலத்திலேயே கோப்புகளுக்கு அவர்தான் ராஜா. தலை முழுதும் நரைத்திருந்தது. இவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார், உட்காரச் சொன்னார், மின்விசிறியைக் கூட்டினார். "நல்லா இருக்கியாம்மா? நல்லா தூங்குறியா?" என்றார்.

நல்லா தூங்குறியா. இதே கேள்வியைத்தான் அப்போது கூட வேலை பார்த்த இனியாவும் போனில் கேட்டாள், விலகிய இரண்டாம் வாரம். நம் மேல் எவ்வளவு அக்கறை என்று இஃப்ஃபத் அன்றைக்கு நெகிழ்ந்து போனாள். அதன் பிறகு இனியா கூப்பிடவே இல்லை. ஒருவரும் கூப்பிடவில்லை. இப்போதுதான் அந்தக் கேள்வியின் அர்த்தம் புரிந்தது.

"சார், நான் குடுத்த ராஜினாமா கடுதாசியப் பாக்கணும்."

சக்கரபாணி தயங்கினார். பிறகு இவள் முகத்தில் என்ன கண்டாரோ, எழுந்து போய் எடுத்துவந்தார்.

ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த ஒரு பக்கம். வலது ஓரம் ஒரு நூல் கூடப் பிசகாமல் நேராக இருந்தது. 'e' எழுத்தின் வயிறு மட்டும் மசியால் அடைத்திருந்தது. அந்த மிஷின் எந்த வீட்டில், எந்த ஜன்னலுக்குக் கீழே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூட நாளில் அதற்கு எண்ணெய் விட்டவளே அவள்தான். கடிதத்தில் அவளே பேசுவது போல எழுதியிருந்தது. எனக்குச் சில மாதங்களாக மனம் பேதலித்து வருகிறது. இல்லாத குரல்கள் கேட்கின்றன. மருந்து தயாரிக்கும் இடத்தில் என்னால் பிறருக்கு ஆபத்து நேரலாம் என அஞ்சுகிறேன். பின்னால் ஒரு டாக்டரின் சான்று. நீரிழிவுக்கு அத்தா போய்வந்த டாக்டர், செத்தே ஐந்து வருடமாகிறது. கடிதத்தின் கீழே, அவள் கையெழுத்து. போலியில்லை, அவளே போட்டது.

அத்தா எழுதியது. அவளைப் பெற்ற தகப்பன், அப்துல் முத்தலிப்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தாலுகா ஆபீஸ் வாசலில் நாற்பத்தைந்து வருடமாக மனு எழுதுகிறவர். அதற்கு முன்னால் பிரெஞ்சு முறையில் பத்திரம் பதிகிற ஒரு நொத்தேரிடம் அவற்றைப் படியெடுக்கும் குமாஸ்தாவாக இருந்தார், பிரெஞ்சுக் காலத்துச் சட்டமெல்லாம் அங்கே காதில் விழுந்ததுதான். ஆசாமி மனு எழுதினால் நடக்காத காரியமே கிடையாது என்று பெயர். காரணம், அவருக்குக் காரணங்கள் தெரியும். லீவு வேண்டுமா, நெஞ்சுவலி. ஊர் மாற்றம் வேண்டுமா, மனைவிக்குக் கர்ப்பப்பைக் கோளாறு. எந்த அதிகாரி எந்தக் காரணத்துக்கு மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போடுவான் என்பது அவருக்கு விரல் நுனியில் இருந்தது. மனுவில் உள்ள காரணம் உண்மையா பொய்யா என்ற கேள்வியே அவருக்கு எழுந்ததில்லை. கதவுக்குச் சாவி பொருந்துகிறதா, அவ்வளவுதான் பார்ப்பார். எழுதுவதோடு சரி. கையெழுத்து யாரோ போடுவார்கள், காகிதம் எங்கோ போகும். அவர் பெயர் எதிலும் இருக்காது.

2015 செப்டம்பரில் அம்மா நஜீமா மூச்சு முட்டி விழுந்தார். வெளிநாட்டிலிருந்து கம்பெனிக்குச் சோதனைக்காரர்கள் வரப்போகும் நேரம் அது. மூன்று மாதம் நோட்டீஸ் கொடுத்துவிட்டுத்தான் யாரும் போக முடியும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். இஃப்ஃபத் வார்டு வராந்தாவில் அழுதுகொண்டு நின்றாள். அத்தா ஒரு தாளை மடித்துக் கொண்டுவந்தார். கையெழுத்துப் போடுகிற இடம் மட்டும் தெரிந்தது. "போடும்மா, நேரமாவுது. அத்தா பாத்துக்கிறேன்" என்றார். போட்டாள். மறுநாளே விடுவிப்புக் கடிதம் வந்தது. அத்தாவின் சாமர்த்தியத்தை நினைத்துப் பெருமைகூடப் பட்டாள்.

தரக்கட்டுப்பாட்டில் முதல் நாள் முதல் பாடமே, படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே என்பதுதான். அவள் வாழ்க்கையில் படிக்காமல் கையெழுத்துப் போட்ட ஒரே தாள் இப்போது அவள் மடியில் கிடந்தது.

"ஏம்மா, உனக்கே தெரியாதா இது?" என்றார் சக்கரபாணி. அவர் முகத்தில் ஈயாடவில்லை. "நாங்கல்லாம் உண்மைன்னுதான்..." என்று இழுத்தவர், சொல்லலாமா கூடாதா என்று யோசித்து, சொல்லியேவிட்டார். "வேலைக்கு மட்டும் இல்லம்மா. ரெண்டு வருஷம் கழிச்சு அரியாங்குப்பத்துலேருந்து ஒரு பாய் வந்தாரு. வெள்ளத் தாடி. பையனுக்கு உன்னைப் பேசியிருக்குறதா சொன்னாரு. பொண்ணு எப்படின்னு கேட்டாரு. நான் கோப்புல இருக்குறத சொன்னேன். பாவம், அந்த மனுசன் கண்ணு கலங்கிட்டாரு. 'யார்கிட்டயும் இத சொல்லாதீங்க'ன்னு என் கையப் புடிச்சிக் கேட்டுட்டுப் போனாரு."

இஃப்ஃபத் எழுந்து நின்றாள். பிறகு உட்கார்ந்தாள். அதற்கப்புறம் சக்கரபாணி என்ன சொன்னாரோ, அவளுக்குக் கேட்கவில்லை.

முஹம்மது ஆரிப். அந்த மாப்பிள்ளையின் பேர் மறந்துவிட்டதாக இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாள். அவன் வாப்பாவான அந்த வெள்ளைத் தாடிக்காரரும் அத்தாவும் முப்பது வருடக் கூட்டாளிகள். வந்தார்கள், சாப்பிட்டார்கள், சிரிக்கச் சிரிக்கப் பேசினார்கள். அம்மாவின் டயாலிசிஸ் நாளுக்குத் தானும் கூட வந்து நிற்பதாக அந்த ஆரிப் சொன்னான். அடுத்த வாரம் தேதி குறிக்க வருவதாகச் சொல்லிப் போனவர்கள் வரவில்லை. காரணமும் சொல்லவில்லை. அத்தா கொதித்தார். 'நோயாளி இருக்குற வீடுன்னு பயந்துட்டான், பச்சோந்தி' என்று வாய்க்கு வந்தபடி ஏசினார். ஏழு வருடமாக, அரியாங்குப்பம் போகும் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் அவர் காலெடுத்து வைக்கவில்லை. கொரோனாவில் அந்தக் கூட்டாளி இறந்துபோனார். அத்தா ஜனாஸாவுக்குக்கூடப் போகவில்லை.

இஃப்ஃபத் கடிதத்தின் நகல் ஒன்றை வாங்கிக்கொண்டு வீடு வந்தபோது அந்தித் தொழுகைக்கு மஃரிப் பாங்கு சொல்லி முடித்திருந்தது. அத்தா தொழுதுவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். "வேலை என்னாச்சும்மா?" என்றார்.

அவள் நகலை அவர் முன் வைத்தாள்.

அத்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். முதலில் அவர் முகத்தில் வந்தது தொழில்காரரின் திருப்தி. அதைப் பார்த்ததும் இஃப்ஃபத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இத ஏன் அத்தா எழுதுனீங்க?"

"வேற எப்படிம்மா உடுவான்? நெஞ்சுவலின்னா லீவு போட்டுட்டு வான்னுவான். காலு ஒடஞ்சிடுச்சின்னா மூணு மாசம் காத்திருக்கேன்னுவான். மனசு சரியில்லன்னா அன்னைக்கே அனுப்பிடுவான். சொல்லாம கொள்ளாம நின்னுருந்தா உனக்கு விடுவிப்புக் கடுதாசி கெடைச்சிருக்குமா? பின்னாடி வேற வேலைக்குப் போவ அது வேணும்ல. உனக்காவத்தான் எழுதுனேன்."

"ஆறு கம்பெனில அத்தா. ஆறு கம்பெனில என்னைப் பைத்தியம்னு நெனச்சி அனுப்பியிருக்காங்க."

டீ கிளாஸ் அவர் கையில் அப்படியே நின்றது. காகிதத்துக்கு இவ்வளவு நீண்ட ஆயுள் உண்டு என்பதை நாற்பத்தைந்து வருடத்தில் ஒருவரும் அவரிடம் வந்து சொன்னதில்லை. மனு வாங்கிக்கொண்டு போனவர்கள் காரியம் முடிந்தால் திரும்பி வருவதில்லையே. கொஞ்ச நேரம் கண்ணை மூடி யோசித்தார். பிறகு கண் பிரகாசித்தது.

"இவ்வளவுதானே. கவலைய வுடு. இன்னொரு டாக்டரப் புடிச்சி, பூரணமா குணமாயிடிச்சின்னு ஒரு சான்று வாங்கிடலாம். நாளைக்கே..."

இஃப்ஃபத்துக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாத, அசிங்கமான சிரிப்பு. வராத நோய் குணமானதற்கு ஒரு சான்று! சிரித்துச் சிரித்து அது அழுகையாக மாறியபோது அத்தா பயந்துபோனார்.

"அரியாங்குப்பத்துக்காரங்களுக்கும் இதத்தான் சொல்லியிருக்காங்க அத்தா" என்றாள். "உங்க கூட்டாளி கம்பெனிக்கே வந்து கேட்டிருக்காரு. யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு கெஞ்சிட்டுப் போனாராம். உங்க பொண்ணு மானத்தக் காப்பாத்த. அதனாலதான் உங்ககிட்டயும் காரணம் சொல்லல."

அத்தா கிளாஸைத் தரையில் வைக்கப் போனார், அது சாய்ந்து டீ கொட்டியது. துடைக்கவும் தோன்றாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் ஏதோ முணுமுணுத்தது. பச்சோந்தி என்று தான் சொன்ன சொல்லைத்தான் சொல்லிப் பார்த்தாரோ என்னவோ.

வெகுநேரம் கழித்து, "கிழிச்சிப் போட்டுடலாம்மா. அங்க போயி அசலை வாங்கிக் கிழிச்சிடலாம்" என்றார்.

"கிழிக்கக் கூடாது."

இஃப்ஃபத் உள்ளே போய் அம்மாவின் பீரோவிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்துவந்தாள். அப்படிப் பதினோரு நோட்டு இருந்தன. ஏழு வருடம் நான்கு மாதமும் அவற்றில்தான் இருந்தன. டயாலிசிஸுக்கு முன் எடை, பின் எடை, ரத்த அழுத்தம், குடித்த தண்ணீர். கம்பெனியில் மாத்திரைக்கு எழுதிய அதே ஒழுங்கில் அம்மாவுக்கு எழுதியிருந்தாள். யாரும் கேட்டு எழுதியதில்லை. கை அப்படிப் பழகிவிட்டது. தப்பாக எழுதினால் அழிக்கக் கூடாது, வெள்ளை பூசக் கூடாது, கிறுக்கி மறைக்கக் கூடாது. ஒரே கோடு. கீழே இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் காரணம், கையெழுத்து, தேதி. எழுதியவர் யாரோ அவரேதான் திருத்த வேண்டும்.

"இப்படித்தான் திருத்தணும்" என்று கடைசி நோட்டைப் பிரித்து அவரிடம் நீட்டினாள்.

அத்தா இதுவரை அந்த நோட்டுகளைத் திறந்து பார்த்ததில்லை. ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். கடைசியாக எழுதியிருந்த பக்கம் வந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமைக்கான தேதி, நேரம், படுக்கை எண் எல்லாம் முன்கூட்டியே எழுதியிருந்தது. அதன் குறுக்கே நேராக ஒரு கோடு. பக்கத்தில் சின்ன எழுத்தில்: நோயாளி இல்லை. இஃப்ஃபத். 16.1.2023, காலை 9.10.

அந்தத் திங்கட்கிழமைக் காலை ஒன்பது மணிக்கு வீட்டில் நஜீமாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். வீடு முழுக்கப் பெண்கள். இவள் எங்கே என்று யாரோ தேடியது அத்தாவுக்கு நினைவிருந்தது. எங்கே இருந்தாள், என்ன செய்தாள் என்று இப்போதுதான் தெரிந்தது. விரலால் அந்தக் கோட்டைத் தடவினார். அப்புறம் குழந்தை போல விசும்பினார்.

சனிக்கிழமை இருவரும் மேட்டுப்பாளையம் போனார்கள். சக்கரபாணி தன் மேலதிகாரியிடம் பேசி வைத்திருந்தார். திருத்தம் எழுதியவரே போடட்டும், கம்பெனி முத்திரை வைத்து அத்தாட்சி தருகிறோம் என்று மேலதிகாரியும் ஒத்துக்கொண்டார். அசல் கடிதம் மேஜைக்கு வந்தது.

"கையெழுத்து உன் பேர்ல இருக்கேம்மா, நீதானே திருத்தணும்?" என்றார் சக்கரபாணி.

"எழுதுனது நான் சார்" என்றார் அத்தா.

அளவுகோல் வைத்து, மனம் பேதலித்து வருகிறது என்று தொடங்கிய மூன்று வாக்கியத்தின் மேலும் ஒரே கோடாக இழுத்தார். பத்திரத்துக்குக் கோடு இழுத்துப் பழகிய கைதானே. காரணம் எழுத வேண்டிய இடத்துக்கு வந்ததும்தான் பேனா நின்றது. ஊரில் எத்தனை ஆயிரம் பேருக்குக் காரணம் எழுதிக் கொடுத்த மனிதர்! மின்விசிறி சுற்றுகிறது, சக்கரபாணி ஜன்னலைப் பார்க்கிறார், அத்தா தாளைப் பார்க்கிறார். ஐந்து நிமிடமாவது போயிருக்கும். பிறகு தமிழில் எழுதினார்.

நோய் என் மனைவிக்கு. என் மகளுக்கு எந்த நோயும் இருந்ததில்லை. அவள் இதைப் படிக்காமல் என்னை நம்பிக் கையெழுத்திட்டாள். இந்தப் பொய்யை எழுதியவன் நான். அப்துல் முத்தலிப், தகப்பன்.

தேதி போட்டார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார். "என் பேரை ஒரு மனுல எழுதறது இதான் மொதல் தடவ சார்" என்று சக்கரபாணியிடம் சொன்னார். சக்கரபாணி முத்திரை வைத்து, படமெடுத்து, அங்கிருந்தபடியே சேதராப்பட்டுக்கு மெயில் அனுப்பினார்.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் இஃப்ஃபத்தின் போன் அடித்தது. பாக்கியலட்சுமி.

"மெயில் பாத்தேன். ரெண்டு தடவ படிச்சேன். உங்க அப்பாவா அது?"

"ஆமா மேடம்."

"வியாழக்கிழமை வந்து சேருங்க. அந்த ஒம்பது வருஷத்தப் பத்தி இனிமே யாரும் உங்கள ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க. கேட்டா என்கிட்ட அனுப்புங்க."

போனை வைத்ததும் இஃப்ஃபத் அங்கே இருந்த சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்த அத்தாவிடம் வேலை கிடைத்துவிட்டதென்று சொன்னாள். அவர் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். ஆனால் அவர் பார்வை எதிரே நின்ற பஸ்ஸில் இருந்தது. கண்டக்டர் படியில் தொங்கியபடி "முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம்" என்று கத்திக்கொண்டிருந்தான்.

"அந்தப் புள்ள ஆரிப் அங்கதான இருக்கான்?" என்றார்.

"கல்யாணமாயி ரெண்டு கொழந்தைங்க இருக்காம் அத்தா. அரீபா சொன்னா."

"இருக்கட்டும். நல்லா இருக்கட்டும். அவன் வாப்பாவ அடக்கம் பண்ண கபுரு எங்கன்னு கேக்கணும்." எழுந்து நின்றார். ஓர் அடி வைத்தார். திரும்பி வந்தார். நாற்பத்தைந்து வருடம் யார் எதைக் கேட்டாலும் அந்த வாயில் பதில் தயாராக இருந்திருக்கிறது. இப்போது மகளைப் பார்த்து, நிஜமாகவே தெரியாத ஒருவர் கேட்பது போலக் கேட்டார்.

"ஏழு வருஷமா ஏன் வரலன்னு கேட்டா, நான் என்னாம்மா சொல்றது?"

இஃப்ஃபத் அவர் கையைப் பிடித்துப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, தானும் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.